இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் படம்: அளவு, எழுத்து, தமிழ்ச் சிக்கல்கள்

#1 நடுகல்தேடி

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் உள்ள நடுகற்களுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் இணையத்தளம் நடத்துகிறோம். ஒரு கல்லுக்கு ஒரு பக்கம்: படங்கள், கல்வெட்டு வாசகம், காலம், ஊருக்குப் போகும் வழி. எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் தேடுபொறி வழியாக வருவதில்லை. வாட்சப் குழுவிலோ பேஸ்புக்கிலோ யாராவது பகிரும் இணைப்பைத் தொட்டுத்தான் வருகிறார்கள்.

இப்போதைய நிலை இதுதான். வாட்சப்பில் தளத்தின் சின்னம் மட்டும் சிறு கட்டத்தில் வருகிறது. பேஸ்புக்கில், பக்கத்தின் அடியில் 'மேலும் வாசிக்க' என்ற பகுதியில் இருக்கும் வேறொரு கல்லின் படம் வருகிறது. எக்ஸ் தளத்தில் படமே வருவதில்லை. தங்கள் ஊர்க் கல்லைப் பற்றிய பக்கத்துக்கு வேறோர் ஊரின் கல்லைக் காட்டி மக்களை அழைப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. அந்தக் கல்லுக்கு இன்றும் பொங்கல் வைக்கும் குடும்பங்கள் எங்கள் வாசகர்களில் இருக்கிறார்கள்.

எந்த அளவில் படம் செய்ய வேண்டும்? எல்லாத் தளங்களுக்கும் ஒரே படம் போதுமா? படத்தின் மேல் தமிழில் தலைப்பு எழுதலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 இணையக்குயவன்

படத்தின் அழகைப் பிறகு பார்ப்போம். முதலில் அது வர வேண்டும்.

இணைப்பு பகிரப்பட்டவுடன் அந்தந்தத் தளத்தின் நிரல் உங்கள் பக்கத்துக்கு வந்து அதன் தலைப்பகுதியில் உள்ள மெட்டா குறிகளைப் (பக்கத்தைப் பற்றிய விவரங்களைச் சொல்லும், வாசகர் கண்ணுக்குத் தெரியாத வரிகள்) படிக்கிறது. பேஸ்புக் 2010இல் அறிமுகப்படுத்திய ஓப்பன் கிராஃப் என்ற முறை இது. இன்று வாட்சப், லிங்க்ட்இன், டெலிகிராம், ஸ்லாக் என எல்லோரும் இதையே படிக்கிறார்கள். அடிப்படையாக வேண்டியவை நான்கு: ஓஜி டைட்டில் (தலைப்பு), ஓஜி டைப் (வகை), ஓஜி இமேஜ் (படம்), ஓஜி யுஆர்எல் (முகவரி). ஓஜி இமேஜ் இல்லாத பக்கத்தில் ஒவ்வொரு தளமும் தன் ஊகத்தில் ஏதோ ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறது. பேஸ்புக்கில் உங்களுக்கு வேற்றூர்க் கல் வருவதற்குக் காரணம் அதுதான்.

எக்ஸ் தளத்துக்குத் தனிக் குறி ஒன்று உண்டு. 2012இல் ட்விட்டர் கார்டு என்று வந்தது, பெயர் இன்னும் மாறவில்லை. அதில் 'சம்மரி லார்ஜ் இமேஜ்' என்ற மதிப்பைக் கொடுத்தால் பெரிய படம் வரும். படத்துக்கென்று தனியாக எதுவும் கொடுக்காவிட்டால் ஓஜி இமேஜையே எடுத்துக்கொள்ளும்.

இவற்றையும் பாருங்கள். படத்தின் முகவரி முழுமையாக, எச்டிடிபிஎஸ் தொடங்கி எழுதப்பட்டிருக்க வேண்டும். சாய்கோட்டில் தொடங்கும் அரை முகவரி போதாது. மெட்டா குறிகள் சர்வர் அனுப்பும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உலாவிக்கு வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு சேர்த்தால், முன்னோட்டம் எடுக்க வரும் நிரல்களில் பெரும்பாலானவை அதைப் பார்க்காமலே போய்விடும். உங்கள் தளம் எதில் இயங்குகிறது?

#3 நடுகல்தேடி

வேர்ட்பிரஸ். தேடுபொறிக்கான செருகுநிரல் ஒன்றும், சமூக ஊடகப் பகிர்வுக்கான செருகுநிரல் ஒன்றும் இருக்கின்றன. ஐயா, நீங்கள் சொன்னபடி பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். சில பக்கங்களில் ஓஜி இமேஜ் இல்லவே இல்லை. சிலவற்றில் இரண்டு இருக்கின்றன, முதலில் தளச் சின்னம், அடுத்துக் கல்லின் படம்.

#4 இணையக்குயவன்

அதுதான் காரணம். இரண்டு செருகுநிரல்களும் தனித்தனியே குறிகளை எழுதுகின்றன. ஒன்றில் சமூக ஊடகக் குறிகளை அணைத்துவிடுங்கள். மீதியுள்ளதில் ஒவ்வொரு பதிவுக்கும் 'சிறப்புப் படம்' கொடுத்தால் ஓஜி இமேஜ் தானாக வரும். தளச் சின்னத்தை, வேறு எந்தப் படமும் இல்லாத பக்கங்களுக்கான மாற்றாக மட்டும் வையுங்கள்.

படத்தின் அகலத்தையும் உயரத்தையும் சொல்லும் குறிகளையும் சேருங்கள். அவை இல்லாவிட்டால், பேஸ்புக்கில் முதன்முதலாகப் பகிர்பவருக்குப் படம் வராமல் போகலாம். படத்தை இறக்கி அளந்து முடிக்கும் முன்பே பதிவு வெளியாகிவிடுவதால் இப்படி ஆகிறது. சிறு ஊரைப் பற்றிய பக்கத்தை ஒருவர்தான் பகிரப்போகிறார் என்றால், அந்த ஒருவருக்கே படம் வராமல் போவது பெரிய இழப்பு.

#5 செய்திமேசை

நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் வேலை செய்கிறேன். அளவைப் பற்றி நான் சொல்கிறேன்.

அகலம் 1200, உயரம் 630 பிக்சல். பேஸ்புக் பரிந்துரைக்கும் அளவு இது. 600க்கு 315க்குக் கீழே போனால் பெரிய படத்துக்குப் பதிலாகப் பக்கத்தில் ஒட்டிய சிறு சதுரம் வரும். லிங்க்ட்இன் 1200க்கு 627 என்கிறது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ் 2க்கு 1 என்ற விகிதத்தில் வெட்டும். 1200க்கு 630 படத்தில் மேலே 15, கீழே 15 பிக்சல்தான் போகும். ஆகவே ஒரே படம் போதும்.

கவனிக்க வேண்டியது சதுர வெட்டு. வாட்சப் சில சமயம் முழு அகலத்தில் காட்டும், சில சமயம் சிறு சதுரமாகக் காட்டும். 1200க்கு 630 படத்தின் நடுச் சதுரம் 630க்கு 630. அதாவது இடது பக்கம் 285, வலது பக்கம் 285 பிக்சல் காணாமல் போகும். முக்கியமானது எதுவாக இருந்தாலும் அந்த நடுச் சதுரத்துக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் மேசையில் படம் வெட்டும்போது நடுச் சதுரத்துக்குக் கோடு போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறோம்.

கோப்பின் எடை: பேஸ்புக் 8 மெகாபைட் வரை, எக்ஸ் 5 மெகாபைட் வரை ஏற்கும். அந்த எண்களை நம்பி இருந்துவிடாதீர்கள். வாட்சப் மிகக் குறைந்த எடையைத்தான் எதிர்பார்க்கிறது. நாங்கள் 300 கிலோபைட்டைத் தாண்டுவதில்லை. ஒளிப்படம் என்றால் ஜேபெக். எஸ்விஜி வேண்டவே வேண்டாம்.

படத்தின் மேல் தலைப்பு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. 2023 அக்டோபரில் எக்ஸ் தளம் இணைப்பு அட்டைகளிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டது. படமும் மூலையில் தளத்தின் பெயரும் மட்டும் நின்றன. பிறகு படத்தின் மேல் சிறிய எழுத்தில் தலைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த இடைவெளியில் செய்தித்தளங்கள் தவித்துவிட்டன. படத்திலேயே தலைப்பு இருந்தால் எந்தத் தளம் எதை எடுத்தாலும் நம் செய்தி நிற்கும்.

#6 ஒளிக்கோணம்

செய்திமேசை அக்கா சொன்ன அளவுகளை அப்படியே ஏற்கிறேன். கடைசிக் கருத்தை ஏற்க முடியவில்லை.

கோயில்களையும் கல்வெட்டுகளையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்துவருகிறேன். வாட்சப்பில் படத்துக்குக் கீழே தலைப்பு இருக்கிறது, பேஸ்புக்கில் இருக்கிறது, டெலிகிராமிலும் இருக்கிறது. படத்தின் மேலும் அதையே எழுதினால் வாசகர் ஒரே வரியை இரண்டு முறை படிக்கிறார், கல்லைப் பார்ப்பதே இல்லை. எழுத்துக்கு இடம் விடுவதற்காகக் கல்லை ஓரத்துக்குத் தள்ளுவார்கள், பிறகு எழுத்து தெரிய வேண்டுமென்று கறுப்புத் திரை ஒன்றைப் படத்தின் மேல் போடுவார்கள். நடுகல் ஏற்கெனவே சாம்பல் நிறம். அதன் மேல் கறுப்பைப் போட்டால் மீதி என்ன இருக்கும்?

அரசலாபுரத்துக் கோழி நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் கிடைத்தது. சண்டையில் இறந்த சேவலுக்கு எடுத்த கல். அந்தச் சேவலின் உருவம் கட்டத்தை நிறைத்து நின்றால் போதும், பார்க்கிறவர் விரல் தானாக நிற்கும். 'சேவலுக்கு ஒரு நடுகல்' என்ற வரி அட்டையின் தலைப்பில் வரட்டும். படம் கேள்வியைக் கேட்கிறது, தலைப்பு பாதிப் பதிலைச் சொல்கிறது, மீதிக்கு உள்ளே வருகிறார்கள்.

நடுகல்தேடிக்கு என் யோசனை: கல்லை முழுமையாகக் காட்டும் ஆவணப் படம் பக்கத்துக்குள் இருக்கட்டும். முன்னோட்டத்துக்கு வேறு படம் எடுங்கள். வீரனின் முகமும் வில் பிடித்த கையும் போதும். கட்டைவிரல் அகலத்தில் முழுக் கல் என்பது சாம்பல் நிற முக்கோணமாகத்தான் தெரியும். அளவுகோல், பெயர்ப்பலகை, கல்லின் பக்கத்தில் நிற்கும் ஆய்வாளர், இவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கட்டும்.

ஒளியும் முக்கியம். நண்பகலில் எடுத்த படம் சிறு அளவில் ஒன்றுமில்லாமல் போகும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் செதுக்கிய கோடுகளின் நிழல் எழுந்து நிற்கும். மரநிழலில் இருக்கும் கல் என்றால் இருட்டிய பிறகு போய் டார்ச்சைக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். தயவுசெய்து சாக்கட்டி தேய்த்துப் படமெடுக்காதீர்கள். கல் கெடுகிறது, கோடு இல்லாத இடத்தில் கோடு இருப்பதாகவும் படம் பொய் சொல்கிறது.

#7 செய்திமேசை

தம்பி, நீங்கள் சொல்வது நல்ல படம் கையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். எங்களுக்கு நாளுக்குப் பல செய்திகள். மின்கட்டணம், தேர்வு முடிவு, பேருந்து நேரம் என்று பாதிக்குப் படமே கிடையாது. அங்கே எழுத்துதான் செய்தி. 'பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு' என்று பெரிதாக எழுதிய அட்டைக்கு இணையான படம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நடுகல் தளத்துக்கு நீங்கள் சொல்வதே சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

#8 தாள்முகம்

நான் அச்சு வடிவமைப்பாளர். எழுத வேண்டிய நிலை வந்தால் எப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் வரும் அட்டைகளில் பாதியைப் படிக்கவே முடிவதில்லை.

1200 பிக்சல் படம் கைப்பேசியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கணினியில் 40 பிக்சலில் எழுதியது கையில் 10 ஆகிவிடும். ஆங்கிலத்தில் 10 கஷ்டப்பட்டுப் படிக்கலாம். தமிழில் முடியாது. ண, ன, ணு, னு எல்லாம் ஒரே பொட்டாகத் தெரியும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. 'பாடல்கள்' என்பதில் புள்ளி மறைந்தால் அது சொல்லே இல்லை. ஆகவே தமிழ் எழுத்து 72 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். அந்த அளவில் வரிக்கு இரண்டு அல்லது மூன்று சொற்கள்தான் கொள்ளும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, 'கண்டெடுக்கப்பட்டிருக்கிறது' என்ற ஒரு சொல்லே வரியைத் தின்றுவிடும். படத்தில் வினைமுற்றே வேண்டாம், பெயர்ச்சொல் போதும். 'புலிமான்கோம்பை நடுகற்கள்' என்று எழுதுங்கள். அவை 2006இல் தேனி மாவட்டத்தில் கிடைத்தன, தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறிப்பு உள்ளவை என்பதெல்லாம் தலைப்பிலும் விளக்கத்திலும் வரட்டும்.

வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். மேல்வரியின் 'மூ', 'ழு' போன்றவற்றின் வாலும் கீழ்வரியின் 'கி', 'தீ' போன்றவற்றின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அமைத்த வார்ப்புருவில் தமிழைப் போடுகிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

எழுத்துருவுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. தடித்த வகையை எடுங்கள், மிகத் தடித்ததை வேண்டாம். எழுத்தின் உள்வெளி அடைந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும். பார்வை குறைந்தவர்களும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக உள்ள இணைய அணுக்க நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் அளவு அது.

#9 கொம்பும்காலும்

இந்த இழையில் ஒரு செய்தி வராமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். கையால் வடிவமைக்கிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. தலைப்பை எடுத்துத் தானாகப் படம் செய்யும் நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கணினியில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் வேலைக்குத் தனி நிரல் வேண்டும். பரவலாகப் பயன்படுவது ஹார்ஃப்பஸ். உலாவிகளில் இந்த வேலை சரியாக நடக்கிறது. படம் வரையும் கருவிகள் பலவற்றில் நடப்பதில்லை.

பைத்தானின் பில்லோ நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் ராக்ம் என்ற துணை நூலகம் இல்லாவிட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கு', 'டு' போன்றவை உடைந்து வரும். பிஎச்பியின் ஜிடி நூலகத்திலும் வழக்கமாக இதே கதி. இமேஜ்மேஜிக்கில் பாங்கோ வழியாக எழுதினால் சரியாக வரும். 2022இல் வெர்சல் நிறுவனம் வெளியிட்ட சடோரி என்ற கருவி ஆங்கிலத் தளங்களில் மிகவும் பரவியிருக்கிறது. எழுத்துச் சேர்க்கை போன்ற ஓப்பன்டைப் வசதிகளை ஆதரிக்கவில்லை என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். தமிழுக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி இறங்காதீர்கள், சோதித்துவிட்டு இறங்குங்கள்.

நான் பரிந்துரைப்பது: அட்டையைச் சாதாரண வலைப்பக்கமாக வடிவமைத்து, திரையில் தெரியாமல் இயங்கும் குரோமில் திறந்து, பப்பெட்டியர் (குரோமை நிரல்வழி இயக்கும் கருவி) கொண்டு படம் பிடியுங்கள். 2021இல் கிட்ஹப் தன் பகிர்வு அட்டைகளைத் தானாக உருவாக்கத் தொடங்கியபோது பப்பெட்டியரைத்தான் பயன்படுத்தியது. கொஞ்சம் மெதுவாக இருக்கும். ஆனால் உலாவி தமிழை எப்படி எழுதுகிறதோ அப்படியே படத்திலும் வரும்.

எந்தக் கருவியானாலும் முதலில் இந்த வரியைக் கொடுத்துப் பாருங்கள்: 'ஸ்ரீ கொடை மௌனம் தூது கூழ் க்ஷேத்திரம் ணை'. இது பிசிறில்லாமல் வந்தால் மற்றவை வரும்.

#10 இணையக்குயவன்

அருமை. இதோடு தலைப்பை வெட்டும் சிக்கலையும் சேர்க்கிறேன். நீளமான தலைப்பை இத்தனை எழுத்தில் நிறுத்து என்று நிரலில் எழுதுகிறோம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், 'போ' போன்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறியீடுகள் வேண்டும். பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தின் நடுவில் கத்தி விழுந்து, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வரும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் ஆபத்துதான்: 'போர்' என்பதில் கடைசிப் புள்ளி போய் 'போர' என்று நிற்கும், 'வீரன்' என்பது 'வீரன' ஆகும். பிஎச்பியில் 'கிராஃபீம்' என்று தொடங்கும் செயற்கூறுகளும் ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல் செக்மென்டர்' என்பதும் முழு எழுத்தாகப் பார்த்து வெட்டும். அதைவிடச் சொல்லெல்லையில் வெட்டுவது நல்லது. எல்லாவற்றையும்விடத் தலைப்பைச் சுருக்கமாக எழுதுவது நல்லது.

#11 திண்ணைவாசி

பிளாக்கரில் எழுதுகிறவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். நாங்கள் இன்னும் இருக்கிறோம்.

#12 இணையக்குயவன்

பிளாக்கர் பதிவின் படத்தை எடுத்து, 1200க்கு 630 அளவில் தானே வெட்டி ஓஜி இமேஜாகக் கொடுத்துவிடும். ஆகவே பதிவின் முதல் படமாக, நீங்களே அந்த அளவில் வெட்டிய படத்தை வையுங்கள். நெட்டுவாக்கில் எடுத்த படம் முதலில் இருந்தால் தலை போய்விடும்.

#13 நடுகல்தேடி

எல்லோருக்கும் நன்றி. செருகுநிரல் ஒன்றை அணைத்துவிட்டோம். மூலநிரலில் இப்போது ஒரே ஓஜி இமேஜ், சரியான கல். ஆனால் பேஸ்புக்கில் இன்னும் பழைய படமே வருகிறது. வாட்சப்பில் புதிதாக ஒட்டினால் சரியாக வருகிறது, குழுவில் ஏற்கெனவே போட்டது மாறவில்லை.

#14 இணையக்குயவன்

இரண்டும் வேறு வேறு காரணங்கள்.

பேஸ்புக் முதல்முறை படித்ததைத் தன் சர்வரில் சேமித்துவைத்துக்கொள்கிறது. அதன் ஷேரிங் டீபக்கர் பக்கத்துக்குப் போய் உங்கள் முகவரியைக் கொடுத்து, மீண்டும் படிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்துங்கள். லிங்க்ட்இன்னுக்குப் போஸ்ட் இன்ஸ்பெக்டர் இருக்கிறது. டெலிகிராமில் வெப்பேஜ் பாட் என்ற கணக்குக்கு இணைப்பை அனுப்பினால் புதுப்பித்துத் தரும். எக்ஸ் தளத்தில் முன்பு இருந்த சோதனைப் பக்கத்தின் முன்னோட்டத்தை 2022இல் எடுத்துவிட்டார்கள். படக் கோப்பின் பெயரையே மாற்றிப் புதிதாக ஏற்றினால் எல்லா இடத்திலும் வேலை செய்யும். பழைய பெயரில் புதுப் படத்தை வைத்தால் பழையதே நெடுநாள் தலைகாட்டும்.

வாட்சப்பில் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால், முன்னோட்டத்தை அனுப்புகிறவரின் கைப்பேசியே தயாரித்துச் செய்தியோடு சேர்த்து அனுப்புகிறது. பெறுகிறவரின் கைப்பேசி உங்கள் தளத்துக்கு வருவதே இல்லை. ஆகவே அனுப்பியது அனுப்பியதுதான், மாற்ற வழியில்லை. இன்னொன்றையும் உங்கள் குழுவினருக்குச் சொல்லுங்கள்: இணைப்பை ஒட்டியவுடன் அனுப்பு பொத்தானை அழுத்தினால் படம் தயாராகும் முன்பே செய்தி போய்விடும். மேலே படம் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும். இணையம் மெதுவாக இருக்கும் ஊர்களில் படம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், 300 கிலோபைட் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

#15 கீழைக்காற்று

ஒரு சந்தேகம். எங்கள் தளத்தில் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பக்கங்களை அள்ளிச் செல்வதைத் தடுக்கச் சில நிரல்களைத் தடை செய்தோம். அதற்குப் பிறகு பேஸ்புக்கில் முன்னோட்டமே வருவதில்லை. தொடர்பு இருக்குமா?

#16 இணையக்குயவன்

இருக்கும். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் உண்டு. முன்னோட்டம் எடுக்க வருவது 'பேஸ்புக் எக்ஸ்டர்னல் ஹிட்'. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காக வருவது 'மெட்டா எக்ஸ்டர்னல் ஏஜென்ட்'. நிறுவனத்தின் பெயர் வருகிற எல்லாவற்றையும் மூடினால் முன்னோட்டமும் போய்விடும். இரண்டாவதை மட்டும் தடுங்கள். படங்கள் இருக்கும் கோப்புறையை ரோபாட்ஸ் கோப்பில் (எந்த நிரல் எங்கே வரலாம் என்று சொல்லும் கோப்பு) மூடியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

#17 பார்வைமொழி

நான் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். படத்தில் தலைப்பை எழுதுவதா வேண்டாமா என்று மேலே விவாதித்தீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து எனக்கு இல்லாத எழுத்து. செய்திமேசை அவர்கள் சொன்ன தேர்வு முடிவு அட்டை படத்தில் மட்டும் செய்தியைச் சொல்லி, தலைப்பில் 'முக்கிய அறிவிப்பு' என்று விட்டால் எனக்கு அது வெறும் 'முக்கிய அறிவிப்பு'. தலைப்பு தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். ஓப்பன் கிராஃபில் படத்துக்கு மாற்றுரை கொடுக்கும் குறி இருக்கிறது. எக்ஸ் தளத்துக்கும் தனியாக இருக்கிறது, அதில் 420 எழுத்துவரை கொடுக்கலாம். அதில் 'படம்' என்று எழுதாதீர்கள். 'வலக்கையில் வாளும் இடக்கையில் வில்லும் ஏந்திய வீரன், காலடியில் நாய்' என்று எழுதுங்கள். எனக்கும் உள்ளே வரத் தோன்ற வேண்டும் அல்லவா?

#18 செய்திமேசை

நீங்கள் சொன்னதை இன்றே எங்கள் மேசையில் பேசுகிறேன். 'முக்கிய அறிவிப்பு' வகைத் தலைப்புகளை நானும் வெறுக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு கவலையையும் பதிய வேண்டும். தொலைக்காட்சிகளின் சின்னத்தையும் நிறத்தையும் அப்படியே நகலெடுத்துப் பொய்ச்செய்தி அட்டைகளைச் செய்து வாட்சப்பில் விடுகிறார்கள். வெறும் படமாக வரும் அட்டையைவிட, இணைப்போடு வரும் முன்னோட்டத்தில் தளத்தின் முகவரி கீழே தெரியும் என்பது நமக்குள்ள ஒரு பாதுகாப்பு. ஆகவே செய்தியைப் பரப்ப வேண்டுமானால் அட்டையைத் தனிப் படமாக அனுப்பாமல் இணைப்பாக அனுப்பும்படி வாசகர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு பேஸ்புக்கில், பகிர்கிறவரே தலைப்பையும் படத்தையும் மாற்றிவிட முடிந்தது. அடுத்தவர் செய்திக்குத் தன் விருப்பப்படி தலைப்பு வைத்துப் பரப்பினார்கள். பொய்ச்செய்தியைத் தடுக்க வேண்டும் என்று 2017இல் அந்த வசதியை எடுத்தார்கள்.

நாமும் அதே நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டும். உள்ளே இல்லாத படத்தை முன்னோட்டத்தில் வைக்கக் கூடாது. 'மாதிரிப் படம்' என்று மூலையில் சிறிதாக எழுதி, எங்கோ நடந்த விபத்தின் படத்தை இங்கே நடந்த விபத்துக்கு வைக்கிறார்கள். நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு அந்த எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாது. இறந்தவர்களின் குடும்பங்களும் அந்தக் குழுக்களில்தான் இருக்கின்றன.

#19 ஒளிக்கோணம்

முழுமையாக உடன்படுகிறேன். அதோடு படத்தின் உரிமை. விக்கிமீடியா காமன்ஸில் எடுத்த படத்தை முன்னோட்டமாக வைத்தால், அட்டையில் பெயர் போட இடமில்லை என்பதற்காக எடுத்தவரின் பெயரை விட்டுவிடக் கூடாது. பக்கத்துக்குள், அதே படத்தின் கீழே, பெயரும் உரிமமும் இருக்கட்டும்.

#20 நடுகல்தேடி

பேஸ்புக்கிலும் சரியாகிவிட்டது. முகமும் வில்லும் மட்டும் வரும்படி வெட்டத் தொடங்கியிருக்கிறோம். ஒளிக்கோணம் அண்ணா சொன்னது உண்மை. முழுக் கல்லைவிட இது கைப்பேசியில் பளிச்சென்று தெரிகிறது. மாற்றுரைகளையும் எழுதுகிறோம்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருக்கிறது. உருவம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் உள்ள கற்களும் எங்களிடம் இருக்கின்றன. வட்டெழுத்துப் (பழைய தமிழ் எழுத்துமுறை) பொறிப்பு, அதுவும் தேய்ந்தது. எந்த வெயிலில் எடுத்தாலும் சிறு அளவில் வெறும் பாறையாகத்தான் தெரிகிறது. இவற்றுக்கு மட்டும் எழுத்து அட்டை செய்யலாமா?

#21 தாள்முகம்

மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மை தடவி எடுத்த படி, இருக்கிறதா?

#22 நடுகல்தேடி

சிலவற்றுக்கு நாங்களே எடுத்த மைப்படி இருக்கிறது. மற்றவற்றுக்குத் தொல்லியல் துறை வெளியீடுகளில் அச்சான மைப்படிகள் உண்டு.

#23 தாள்முகம்

அப்படியானால் அட்டையே வேண்டாம். மைப்படியில் தாள் கறுப்பு, எழுத்து வெள்ளை. அதைவிட ஒளி வேறுபாடு கூடிய படம் உங்களுக்குக் கிடைக்காது. முழு மைப்படியையும் போடாதீர்கள். வரிகள் சிதையாமல் இருக்கும் இடமாகப் பார்த்து நான்கைந்து எழுத்துகளை மட்டும் எடுத்து, நடுச் சதுரத்தை நிறைக்கும்படி பெரிதாக்குங்கள். வட்டெழுத்தின் வளைவுகள் அந்த அளவில் மிக அழகாக நிற்கும், படிக்கத் தெரியாதவரும் இது என்ன எழுத்து என்று நின்று பார்ப்பார். அந்த எழுத்துகளைப் படித்தால் வரும் சொல்லை ஓஜி டைட்டிலின் தொடக்கத்தில் வையுங்கள்.

தாளின் ஓரம் சுருங்கிக் கிழிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்யாதீர்கள், எழுத்தின் விளிம்பையும் கணினியில் தொட வேண்டாம். உடைந்த இடம் உடைந்தபடியே இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ஜேபெக்கைவிடப் பிஎன்ஜியில் விளிம்புகள் கூர்மையாக வரும், ஏற்றும் முன் எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே எடுத்த மைப்படிகளிலிருந்து தொடங்குங்கள். துறை வெளியீட்டில் உள்ளதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும்வரை அந்தக் கல் நிற்கும் இடத்தின் படத்தை வையுங்கள்: ஏரிக்கரை, புளியமரம், அதன் கீழே கல். ஊர்க்காரர்களுக்கு அதுவே அடையாளம் தெரியும்.